தென்னாப்பிரிக்கக் கொடி: ஆறு நிறத்துக்கும் உண்மையில் என்ன அர்த்தம்?

பாய்மரம் | ஏப்ரல் 2, காலை 9.14

டர்பனில் ஏப்ரல் 27 விடுதலை நாள் மேடைக்குத் தேசியக் கொடி ஒன்று தைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை. அதில் எழுத நிறங்களின் அர்த்தம் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிவப்பு சிந்திய ரத்தம், நீலம் வானமும் இரண்டு கடலும், பச்சை விளைநிலம், மஞ்சள் தங்கச் சுரங்கம், கருப்பும் வெள்ளையும் அந்தந்த மக்கள் என்று ஒரு பட்டியல். இன்னொன்றில் வெள்ளை என்றால் சமாதானம். அரசு சொன்னது எது? கொடி 120க்கு 180 செ.மீ. டெய்லர் அளவு கேட்கிறார், அதையும் யாராவது சொல்லுங்கள்.

நூலளவு | ஏப்ரல் 2, காலை 11.40

இரண்டு பட்டியலும் அரசு சொன்னதில்லை. எந்த நிறத்துக்கும் பொது அர்த்தம் கற்பிக்க வேண்டாம் என்பதுதான் அரசின் நிலை. அது விளக்கம் தந்திருப்பது வடிவத்துக்கு மட்டும். கம்பத்துப் பக்கம் இரண்டாகத் தொடங்கும் பட்டை நடுவில் சேர்ந்து, ஒரே பட்டையாகப் பறக்கும் ஓரம் வரை ஓடுகிறது. பலதரப்பட்ட சமூகம் ஒன்றுகூடி முன்னே போவதாக அதைப் பொருள் கொள்ளலாம் என்கிறார்கள். கொள்ளலாம், அவ்வளவுதான்.

1996 அரசியலமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு கொடியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: கருப்பு, பொன், பச்சை, வெள்ளை, சிவப்பு, நீலம், முதல் அட்டவணையில் உள்ளபடி. அந்த அட்டவணையில் ஆறே விதிகள். நீள அகலம், பட்டையின் அகலம், எந்த நிறம் எங்கே என்பது மட்டும். பொருள் விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. பலகையில் ரத்தம், தங்கம் என்று எழுதாதீர்கள்.

நூலளவு | ஏப்ரல் 2, காலை 11.52

ஒன்று விட்டுப்போயிற்று. அர்த்தம் எழுத வேண்டிய இடத்தில் இதே அரசு எழுதியிருக்கிறது. 2000 ஏப்ரல் 27 அன்று வந்த அரசுச் சின்னத்தில் செக்ரட்டரி பறவை, புரோட்டியா பூ, கோதுமைக் கதிர், யானைத் தந்தம், ஈட்டி, குறுந்தடி என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. கொடிக்கு மட்டும் இடத்தைத் திறந்து விட்டிருக்கிறார்கள். அது நல்ல முடிவு என்பது என் கருத்து. 1994ல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரரை எழுதி வைத்திருந்தால், மறுநாளே யாருடைய நிறம் பெரியது என்று அளக்கத் தொடங்கியிருப்பார்கள்.

கடற்கரைச்சாலை | ஏப்ரல் 2, மாலை 3.05

பட்டியல் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லையே. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கொடியில் கருப்பு மக்களையும், பச்சை மண்ணையும், பொன் நாட்டின் செல்வத்தையும் குறிக்கும். அந்த மூன்றும்தானே இங்கே வந்திருக்கிறது? பிறகு அர்த்தம் இல்லை என்றால் எப்படி?

நூலளவு | ஏப்ரல் 2, மாலை 5.31

காங்கிரஸ் கொடி பற்றிச் சொன்னது சரி. 1925 முதல் அவர்களுடைய நிறங்கள் அவை. ஆனால் அந்த விளக்கம் கட்சிக் கொடிக்கு உரியது. கருப்பும் பச்சையும் பொன்னும் பான் ஆப்பிரிக்க காங்கிரஸ், இன்காதா என்ற வேறு கட்சிகளிடமும் உண்டு. இந்தப் பக்கம் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பிரிட்டிஷ் கொடியில் இருக்கின்றன, டச்சுக் கொடியில் இருக்கின்றன, பழைய டிரான்ஸ்வால் குடியரசின் நான்கு நிறக் கொடியில் பச்சையோடு சேர்ந்து இருக்கின்றன. அதாவது பச்சை இரண்டு பக்கத்துக்கும் பொது.

ஆக, ஒரு நிறம் எந்தெந்தக் கொடிகளில் முன்பு இருந்தது என்பதைத் தாராளமாக எழுதலாம், அது வரலாறு. இப்போது எதைக் குறிக்கிறது என்று எழுதும்போதுதான் தடம் மாறுகிறது. பலகையைக் கொடிகளின் வரலாறாக எழுதுங்கள்.

சிவப்பைக் கவனியுங்கள். அட்டவணை அதை மிளகாய்ச் சிவப்பு என்கிறது. பிரிட்டிஷ் சிவப்பும் இல்லாமல் 1994க்கு முந்தைய தேசியக் கொடியின் ஆரஞ்சும் இல்லாமல் இரண்டுக்கும் இடையில் நிற்கிற, கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கடையில் கிடைக்கும் ரத்தச் சிவப்புத் துணியை வாங்கித் தைத்துவிட்டால் கொடியில் இருந்த சமரசத்தில் ஒரு துண்டு போய்விடும்.

கொடித்துணி | ஏப்ரல் 2, இரவு 8.47

அளவு கேட்டீங்களே, இந்தாங்க. முதல்ல பிரவுன் பேப்பர்ல முழு அளவுக்கு வரைஞ்சுக்கோங்க. துணியில நேரா கோடு போட வேண்டாம்.

உயரத்தை 15 பங்கா பிரிங்க. 120க்கு ஒரு பங்கு 8 செ.மீ. பறக்கும் ஓரத்துல மேலிருந்து கீழே: சிவப்பு 40, வெள்ளை 8, பச்சை 24, வெள்ளை 8, நீலம் 40. கூட்டினா 120.

சாய்ந்த பகுதிதான் எல்லாரும் தப்பு பண்ற இடம். கம்பத்துப் பக்க மேல் மூலையிலிருந்து கொடியோட நட்ட நடுவுக்கு (ஓரத்திலிருந்து 90, மேலிருந்து 60) ஒரு கோடு. கீழ் மூலையிலிருந்து அதே மாதிரி இன்னொண்ணு. இது பச்சைக் கைகளோட நடுக்கோடு, விளிம்பு கிடையாது. அதனால மூலை முழுக்க பச்சையாத்தான் இருக்கும். இந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 12 செ.மீ. தள்ளி இணையா கோடு போட்டா பச்சை கிடைக்கும். 20 செ.மீ. தள்ளிப் போட்டா உள்பக்கம் மஞ்சள் முடியும் இடம், வெளிப்பக்கம் வெள்ளை முடியும் இடம். மஞ்சளுக்கு உள்ளே மிச்சம் இருக்கிற முக்கோணம் கருப்பு.

தள்ளி அளக்கறது கோட்டுக்குச் செங்குத்தா அளக்கணும். கம்பத்து ஓரத்துல மேலிருந்து கீழா ஸ்கேல் வெச்சு 8 எடுத்தா மஞ்சள் 6.7 செ.மீ.தான் வரும். மேல் ஓரத்துல படுக்கையா 8 எடுத்தா வெள்ளை 4.4க்கு இளைச்சுடும். வரைஞ்சு முடிச்சதும் இப்படி சரிபார்த்துக்கோங்க. கம்பத்து ஓரம்: பச்சை 14.4, மஞ்சள் 9.6, கருப்பு 72, மஞ்சள் 9.6, பச்சை 14.4. மேல் ஓரம்: பச்சை 21.6, வெள்ளை 14.4, சிவப்பு 144. கருப்பு முனை கம்பத்து ஓரத்திலிருந்து 54ல, மஞ்சள் முனை 68.4ல.

90க்கு 135 தைக்கிறவங்க எல்லாத்தையும் முக்காலால பெருக்கிக்கலாம்.

பாய்மரம் | ஏப்ரல் 3, காலை 7.20

சரியாக 120 வருகிறது. நன்றி. கருப்பு முக்கோணம் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கிறதே?

கடற்கரைச்சாலை | ஏப்ரல் 3, காலை 10.02

அதைத்தான் பலர் குறை சொல்கிறார்கள். சிவப்பும் நீலமும் கொடியை அடைத்துக்கொண்டு, விடுதலை இயக்கங்களின் நிறங்கள் கம்பத்தோரம் ஒதுங்கிக் கிடக்கின்றன என்று.

நூலளவு | ஏப்ரல் 3, மதியம் 1.15

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மொத்தப் பரப்பு 21,600 சதுர செ.மீ. பச்சை 31 சதவீதம். சிவப்பும் நீலமும் தலா 21. வெள்ளை 12. கருப்பு 9. பொன் 5½. ஆறில் பெரியது பச்சை.

கருப்பு, பச்சை, பொன் மூன்றையும் சேர்த்தால் 45½ சதவீதம், மற்ற மூன்றும் 54½. ஒதுங்கிக் கிடப்பதாகச் சொல்ல முடியாது. பச்சை நான்கு ஓரங்களையும் தொடுகிறது, வேறெந்த நிறமும் தொடுவதில்லை. சிவப்பும் நீலமும் கம்பத்தைத் தொடுவதே இல்லை.

நூலளவு | ஏப்ரல் 3, மதியம் 1.40

மறுபடி யோசித்தால் அந்தக் குறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது பரப்பைவிட அடர்ந்த தொகுதிதான் கண்ணில் படும். பச்சை பட்டையாக நீண்டு கிடக்கிறது. சிவப்பும் நீலமும் பெரிய கட்டிகள். காற்று இல்லாமல் தொங்கும்போது இது தலைகீழாகிவிடும்: கம்பத்தை ஒட்டிய கருப்பு, பொன், பச்சைதான் தெரியும், சிவப்பும் நீலமும் மடிப்புக்குள் போய்விடும்.

தறிநாடா | ஏப்ரல் 4, காலை 6.55

பொதுமக்களுக்குப் போட்டி வைத்து ஜெயித்த வடிவம் என்று பாடப்புத்தகத்தில் படித்த நினைவு. 7,000 பேர் அனுப்பினார்களாமே?

நூலளவு | ஏப்ரல் 4, காலை 9.30

போட்டி நடந்தது, ஜெயித்தவர் யாருமில்லை. 1993ல் தேசியச் சின்னங்கள் ஆணையத்துக்கு 7,000க்கு மேல் வடிவங்கள் வந்தன. ஆறை எடுத்துப் பொதுமக்கள் முன்னும் பேச்சுவார்த்தைக் குழு முன்னும் வைத்தார்கள். எதுவும் எடுபடவில்லை. பிறகு வடிவமைப்பு நிறுவனங்களைக் கேட்டார்கள், அதுவும் நடக்கவில்லை. கொடி முடிவாகாமலே அந்த ஆண்டு நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்தது.

1994 பிப்ரவரியில் பொறுப்பு இரண்டு பேர் கையில் வந்தது: காங்கிரஸ் தரப்பின் தலைமைப் பேச்சாளர் சிரில் ராமபோசா, அரசுத் தரப்பின் ரோல்ஃப் மேயர். எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் முதல் தேர்தலுக்கு அதிக நாள் இல்லை. அரசின் சின்னவியல் அதிகாரியான ஃப்ரெட் பிரவுனெலின் வடிவம் அப்போதுதான் முன்னுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சூரிக்கில் நடந்த கொடியியல் மாநாட்டில் அவர் கிறுக்கி வைத்திருந்த யோசனை அது. இடைக்கால நிர்வாகக் குழு மார்ச் 15 அன்று ஏற்றது. ஏப்ரல் 20 அன்று அதிபர் டி கிளார்க் அறிவிக்கை வெளியிட்டார். ஏப்ரல் 27 அன்று கொடி ஏற வேண்டும். நடுவில் ஏழே நாள். கொடி தைப்பவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

மண்டேலாவின் ஒப்புதலுக்காக வடிவத்தை ரஸ்டன்பர்குக்கு ஃபேக்ஸில் அனுப்பினார்கள். ஃபேக்ஸ் கருப்பு வெள்ளையில்தான் வரும். கடையில் கலர் பென்சில் வாங்கி வந்து நிறம் தீட்டிக் காட்டினார்கள் என்று பிரவுனெலே சொல்லியிருக்கிறார். அவர் 2019 மே மாதம் இறந்தார்.

தறிநாடா | ஏப்ரல் 4, காலை 9.58

அப்படியானால் ஏழே நாளில் அவசரத்தில் எடுத்த முடிவு இன்றுவரை நிற்கிறதா!

நூலளவு | ஏப்ரல் 4, காலை 10.20

ஏழு நாள் அறிவிக்கைக்கும் ஏற்றத்துக்கும் இடையில்தான். முடிவே தற்காலிகம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். ஐந்து ஆண்டு வெள்ளோட்டம், நிரந்தர அரசியலமைப்பு எழுதும்போது மாற்றலாம் என்பது ஏற்பாடு. அந்தத் தேவையே வரவில்லை. 1995 செப்டம்பர் 28 அன்று, பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பிறகு, இதே கொடி தொடரட்டும் என்று முடிவானது. அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஜூன் 24 அன்று, எல்லிஸ் பார்க் மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பையை வென்றிருந்தார்கள். அரங்கம் முழுக்கப் புதுக் கொடி பறந்தது. பழைய கொடியை அதிகம் கொண்டாடிய விளையாட்டிலேயே புதுக் கொடி ஊன்றிவிட்டது என்பதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்.

கொடித்துணி | ஏப்ரல் 4, இரவு 9.10

டெய்லருக்கு மிச்ச விவரம். வெளியில பறக்கப் போகுதுன்னா பின்னல் பாலியெஸ்டர், சுமார் 110 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 110 கிராம் எடை). மேடைக்கு மட்டும்னா சாட்டின் பளபளன்னு இருக்கும், ஆனா தைக்கும்போது வழுக்கும், பின்னை நெருக்கமா குத்தணும்.

வெட்டும்போது ஒவ்வொரு ஓரத்துக்கும் 1 செ.மீ. விடுங்க. 8 செ.மீ. பட்டைக்கு 10 செ.மீ. வெட்டணும். சாய்ந்த துண்டெல்லாம் கிராஸ்ல (இழைக்குக் கோணலா) விழும், இழுத்தா நீளும். அதுதான் பெரிய தலைவலி. மஞ்சள் பட்டையை நீள வாட்டத்துல நேரா வெட்டி எடுத்துட்டா நீளாது. கருப்பு முக்கோணத்தோட ரெண்டு சாய்ந்த ஓரத்தையும் வெட்டின உடனே மெல்லிசா ஒரு ஓட்டுத்தையல் போட்டு நிறுத்திடுங்க. இல்லேன்னா தைச்சு முடிச்சதும் நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும்.

வரிசை: கருப்போட மஞ்சள், அப்புறம் ரெண்டு பச்சைக் கை, பச்சை வால் (நடுவிலேருந்து பறக்கும் ஓரம் வரை போற பட்டை), வெள்ளை, கடைசியா சிவப்பும் நீலமும். உள்ளேருந்து வெளியே. மஞ்சள் முனையில ரெண்டு பட்டையும் சேரும் கோணம் 67 டிகிரி, ஒவ்வொண்ணையும் 33.7ல வெட்டணும். வெள்ளை வளையற இடம் 146 டிகிரி, அங்கே 73ல வெட்டுங்க. பச்சை வாலோட உள்முனையைக் கூரா, 25 செ.மீ. ஆழத்துக்கு வெட்டினா ரெண்டு கையும் அதுல வந்து உக்காரும்.

எல்லாம் மடக்குத் தையல், அப்பதான் ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கும். கருப்புத் துணியை முதல்ல தனியா நனைச்சு சாயம் விடுதான்னு பாருங்க. விட்டா ஒரே மழையில மஞ்சள் அழுக்காகிடும். பறக்கும் ஓரத்துல நாலு வரிசைத் தையல், ஏன்னா காத்துல கிழியறது எப்பவும் அங்கேதான் தொடங்கும். கம்பத்துப் பக்கம் கேன்வாஸ் பட்டி, மேலே கீழே ஐலெட்.

பாய்மரம் | ஏப்ரல் 5, காலை 8.03

டெய்லர் ஒத்துக்கொண்டார். பலகை அச்சடிக்கிறவர் நிற எண் கேட்கிறார்.

நூலளவு | ஏப்ரல் 5, காலை 8.45

அச்சு மைக்குப் பாண்டோன் எண்கள்: சிவப்பு 179 சி, பச்சை 3415 சி, பொன் 1235 சி, நீலம் ரிஃப்ளெக்ஸ் புளூ சி. திரைக்கு ஆர்ஜிபி: சிவப்பு 224, 60, 49, பச்சை 0, 119, 73, பொன் 255, 184, 28, நீலம் 0, 20, 137.

நீலத்தில் கவனம். ரிஃப்ளெக்ஸ் புளூ மை காய நேரம் எடுக்கும், சீக்கிரம் அடுக்கினால் அடுத்த தாளில் ஒட்டும். நான்கு நிற அச்சுக்கு மாற்றினால் ஊதா அடிக்கும், மெஜந்தாவைக் குறைக்கச் சொல்லுங்கள். முழு ஓட்டத்துக்கு முன் ஒரு மாதிரி அடித்து வெயிலில் பாருங்கள்.

கடற்கரைச்சாலை | ஏப்ரல் 5, காலை 11.17

பழைய கொடியைப் பற்றியும் இரண்டு வரி பலகையில் வேண்டும். அதைத் தடை செய்துவிட்டார்கள் என்றே எழுதலாமா?

நூலளவு | ஏப்ரல் 5, மாலை 4.50

அப்படி எழுதாதீர்கள். காரணமில்லாமல் அதைக் காட்சிப்படுத்துவது வெறுப்புப் பேச்சு, பாகுபாடு என்று 2019 ஆகஸ்டில் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெல்சன் மண்டேலா அறக்கட்டளை தொடுத்த வழக்கு. ஆஃப்ரிஃபோரம் என்ற ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) அமைப்பு மேல்முறையீடு செய்து 2023ல் தோற்றது. கல்வி, கலை, இதழியல் தேவைக்குக் காட்டலாம் என்ற விலக்கு உண்டு. உங்கள் பலகையில் வரலாற்றுப் படமாகப் போடுவது அந்த வகை. ஆனால் மேடையில், கொண்டாட்டத்துக்கு நடுவில் அந்தப் படம் தேவையா என்று யோசியுங்கள். அந்தக் கொடிக்குக் கீழே வாக்குரிமை இல்லாமல் வாழ்ந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். சொற்களில் சொன்னால் போதும்.

வரலாறு சுருக்கமாக: 1926ல் உள்துறை அமைச்சர் மலான் புதுக் கொடி மசோதா கொண்டுவந்தார். பிரிட்டிஷ் கொடி அதில் வேண்டாம் என்பது அவர் தரப்பு. டர்பன் இருக்கும் நட்டால் மாகாணத்தில் ஆங்கிலேயர்கள் பிரிந்துபோவோம் என்கிற அளவுக்குக் கொதித்தார்கள். 1927ல் சமரசச் சட்டம் வந்தது, 1928 மே 31 அன்று கொடி ஏறியது. ஆரஞ்சு, வெள்ளை, நீலம். வெள்ளைப் பட்டையின் நடுவில் மூன்று குட்டிக் கொடிகள். கம்பத்துப் பக்கம் பிரிட்டிஷ் கொடி, நடுவில் ஆரஞ்சு சுதந்திர நாடு என்ற இன்னொரு பழைய குடியரசின் கொடி தொங்குகிற வாக்கில், அந்தப் பக்கம் டிரான்ஸ்வால் கொடி. 1957 வரை பிரிட்டிஷ் கொடியும் கூடவே பறந்தது.

ஆங்கிலேயர், ஆப்பிரிக்கானர் என்ற இரண்டு வெள்ளையர் தரப்புக்குள் நடந்த சண்டை, அவர்களுக்குள் முடிந்த சமரசம். நாட்டின் பெரும்பான்மை மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1994 கொடியை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது. அங்கே சமரசம் மூன்று கொடிகளை அப்படியே ஒட்டி வைத்தது. இங்கே யாருடைய கொடியும் முழுதாக உள்ளே வரவில்லை, நிறங்கள் மட்டும் வந்தன.

தறிநாடா | ஏப்ரல் 6, காலை 7.12

ஒய் வடிவம் வனுவாட்டுவைப் பார்த்து எடுத்தது என்கிறார்களே? ஆறு நிறம் உள்ள ஒரே கொடி இதுதான் என்பதும் உண்மையா?

நூலளவு | ஏப்ரல் 6, காலை 9.05

வனுவாட்டு கொடி 1980ல் வந்தது. அதிலும் படுத்த ஒய், கம்பத்துப் பக்கம் கருப்பு முக்கோணம், சிவப்பும் பச்சையும் உண்டு. பார்வைக்கு நெருக்கம்தான். ஆனால் ஒய் பட்டை ஐரோப்பியக் கேடய ஓவியத்தில் பல நூற்றாண்டாக இருக்கிற அமைப்பு, சின்னவியல் அதிகாரிக்கு அது அன்றாடப் பாடம். ஒத்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆறு நிறம்: இப்போது தென் சூடான் கொடியிலும் ஆறு. கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் நட்சத்திரம். "ஒரே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

கடற்கரைச்சாலை | ஏப்ரல் 6, மதியம் 12.30

கொஞ்சம் விலகிப் போகிறேன். அதே அரசியலமைப்பில் கொடி 4ஆம் பிரிவு, தேசிய கீதம் 5, மொழிகள் 6. அந்த 6ஆம் பிரிவில், மதித்துப் பேணப்பட வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழ் பெயர் சொல்லி இருக்கிறது. குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது, ஜெர்மன், கிரேக்கம், போர்த்துகீசியம் கூடவே. 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனில் வந்து நின்றதில் தொடங்கிய கதை. டர்பன் மேடைப் பலகையில் இதற்கு ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

பாய்மரம் | ஏப்ரல் 6, மதியம் 12.41

இருக்கும்!

பாய்மரம் | ஏப்ரல் 9, மாலை 6.20

மேடைப் பின்சுவரில் அகலம் போதவில்லை. நெட்டாகத் தொங்கவிடலாமா?

நூலளவு | ஏப்ரல் 9, இரவு 7.02

விடலாம். விதி: கருப்பு முக்கோணம் மேலே, சிவப்பு பார்ப்பவரின் இடப்பக்கம். கொடியை அப்படியே வலப்பக்கமாகத் திருப்பினால் சிவப்பு வலப்பக்கம் வந்துவிடும். அதனால் கொடியின் பின்பக்கம் மக்களைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி தைத்த கொடி என்றால் புரட்டினால் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பேனர் என்றால் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டும், கடைசி நேரத்தில் சரிசெய்ய முடியாது.

பேச்சாளர் மேடையில் கம்பத்தில் நட்டால் அவருடைய வலப்பக்கம். மேசை விரிப்பாகவோ மேடையின் முன்திரையாகவோ போடக் கூடாது. பெயர்ப்பலகை, சிலை திறக்கும்போது அதை மூடவும் பயன்படுத்தக் கூடாது. தரையில் படக் கூடாது. மற்ற கொடிகளோடு ஏற்றினால் இது முதலில் ஏறி, கடைசியில் இறங்கும்.

தறிநாடா | ஏப்ரல் 9, இரவு 8.15

2022ல் 22 மில்லியன் ரேண்டுக்கு ராட்சதக் கொடி வைக்கப் போனார்களே, அது எழுந்ததா?

நூலளவு | ஏப்ரல் 9, இரவு 8.33

இல்லை. பிரிட்டோரியாவின் ஃப்ரீடம் பார்க்கில் 100 மீட்டர் கம்பம் என்று திட்டம். அந்தப் பணத்தில் வேறென்ன செய்யலாம் என்று மக்கள் கேட்டார்கள், மே மாதம் கைவிட்டார்கள். கேட்டது நியாயம். அந்த உயரத்தில் துணி சீக்கிரம் கிழியும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தச் செலவு தனி.

கொடித்துணி | ஏப்ரல் 10, காலை 6.40

ஏத்தறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இது ரொம்ப பேருக்குத் தெரியாது. இந்தக் கொடியோட கம்பத்து ஓரம் மேலிருந்து கீழே பச்சை, மஞ்சள், கருப்பு, மஞ்சள், பச்சை. கீழிருந்து மேலே பார்த்தாலும் அதே. மடிச்சு வெச்ச கொடியில அந்த ஓரத்தை மட்டும் கையில பிடிச்சு கயிறு கட்டுறவருக்கு எது மேல் எது கீழ்னு தெரியவே தெரியாது. தலைகீழா ஏறுறதுக்கு இதுதான் காரணம், கட்டுறவர் கவனக்குறைவு இல்லை. தலைகீழ் கொடின்னா ஆபத்துல இருக்கோம்னு அர்த்தம் ஆயிடும்.

கேன்வாஸ் பட்டியில மேல் ஐலெட் பக்கத்துல சிவப்பு நூல்ல ரெண்டு தையல் போடச் சொல்லுங்க. கீழே நீல நூல். டெய்லருக்கு ரெண்டு நிமிஷ வேலை.

பாய்மரம் | ஏப்ரல் 10, காலை 9.26

சொல்லிவிட்டேன். பலகை வாசகம் இப்படி: "1994 ஏப்ரல் 27 முதல் தென்னாப்பிரிக்காவின் தேசியக் கொடி. வடிவம் ஃப்ரெட் பிரவுனெல். கருப்பு, பச்சை, பொன் விடுதலை இயக்கங்களின் கொடிகளிலும், சிவப்பு, வெள்ளை, நீலம் பிரிட்டிஷ், டச்சு, டிரான்ஸ்வால் கொடிகளிலும் முன்பு இருந்தவை. நிறங்களுக்கு அரசு தனிப் பொருள் தரவில்லை. இரண்டாகத் தொடங்கி ஒன்றாகும் பட்டையை மக்கள் ஒன்றுசேர்வதாகக் கொள்ளலாம்." கீழே தமிழ் இடம்பெற்ற 6ஆம் பிரிவு பற்றி ஒரு வரி.

நூலளவு | ஏப்ரல் 10, காலை 10.11

நன்றாக இருக்கிறது. "டிரான்ஸ்வால்" என்பதற்குப் பிறகு பச்சை அங்கேயும் இருந்தது என்று அடைப்புக்குறிக்குள் சேருங்கள். 1995 செப்டம்பர் 28 முடிவையும் சேர்த்துவிடுங்கள், மக்கள் கருத்துக் கேட்டு நிலைபெற்ற கொடி என்பது அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

கொடித்துணி | ஏப்ரல் 10, காலை 10.30

அச்சுக்குப் போகும் முன்னாடி பலகையில இருக்கிற கொடிப் படத்தையும் ஒரு தடவை அளந்துடுங்க. இணையத்துல எடுக்கிற படம் நிறைய 1:2 அளவுக்கு இழுத்து வெச்சிருப்பாங்க. நமக்கு வேண்டியது 2:3.